ஐந்தே கீகள், 32 இடங்கள்: நம் எழுத்துகளை எண்ணாக்கிய எமில் போதோ யார்?

உங்கள் போனை எடுத்து 'க' என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டுங்கள். திரையில் நீங்கள் பார்ப்பது ஓர் உருவம். ஆனால் போன் உள்ளுக்குள் வைத்துக்கொள்வது 2965 என்ற எண்ணை. அதை யாருக்காவது அனுப்பினால், அந்த எண்ணையும் 224, 174, 149 என்று மூன்று துண்டாக்கித்தான் அனுப்பும். எதிர்முனையில் இருக்கும் போன் மூன்றையும் சேர்த்து, 2965க்கு நேராக என்ன எழுத்து என்று ஓர் அட்டவணையில் பார்த்து, தன்னிடம் இருக்கும் ஃபான்ட்டில் வரைந்து காட்டும்.

அவ்வளவுதான் விஷயம். இரண்டு பக்கமும் ஒரே அட்டவணை இருக்க வேண்டும். இருந்தால் கடிதம், இல்லையென்றால் கட்டம் கட்டமாக ஏதோ ஒன்று.

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்தது என்று நினைத்தால், சுமார் 70 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் என்ற இயந்திரமே இல்லாத 1870களில், பாரீஸ் தந்தி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த ஓர் ஊழியர் ஐந்து கீகளை வைத்து இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெயர் ழான் மொரீஸ் எமில் போதோ. இன்ஜினியரிங் லேபில் 'பாட் ரேட் 9600' என்று செட் பண்ணியிருப்பீர்களே, அந்த 'பாட்' இவருடைய பெயரின் சுருக்கம்தான்.

அவருடைய கதையில் ஓர் அட்டவணை இருக்கிறது, ஒரு வழக்கு இருக்கிறது, ஒரு கொலையும் இருக்கிறது. எல்லாவற்றையும் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது: அட்டவணையில் யாருடைய எழுத்துக்கு இடம்?

பள்ளிப் படிப்போடு நின்றவர்

போதோ பிறந்தது 1845 செப்டம்பர் 11. ஊர், கிழக்கு ஃபிரான்ஸின் ஓத்-மார்ன் பகுதியில் உள்ள மன்யூ என்ற சின்னக் கிராமம். அப்பா விவசாயி. ஊர் ஆரம்பப் பள்ளியில் படித்ததுதான் போதோவின் மொத்தப் படிப்பு. கல்லூரிப் பட்டம் கிடையாது. பெரிய இன்ஜினியர்களை உருவாக்கிய பாரீஸ் கல்விக்கூடங்களின் வாசலை மாணவராக மிதித்ததும் கிடையாது. அப்பாவின் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

1869இல், 24 வயதை ஒட்டி, ஃபிரெஞ்சுத் தபால் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். இன்றைய கணக்கில் அரசாங்க வேலை, என்ட்ரி லெவல். அங்கே மோர்ஸ் தந்தி கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஹியூஸ் என்ற அச்சடிக்கும் தந்தி இயந்திரத்துக்கு நான்கு மாதப் பயிற்சி. அடுத்த ஆண்டே ஃபிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கொஞ்ச காலம் போரில் பணியாற்றிவிட்டு, 1872இல் பாரீஸில் பழைய வேலைக்குத் திரும்பினார்.

அந்த நான்கு மாதப் பயிற்சிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஹியூஸ் இயந்திரத்தைப் பழகும்போதே அதன் குறை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

வயர் சும்மா கிடந்தது

அந்தக் காலத் தந்தியில் எது விலை உயர்ந்தது தெரியுமா? ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. வயர். ஊருக்கு ஊர் கம்பம் நட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி இழுக்க வேண்டும். அப்படி இழுத்த ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு ஆபரேட்டர்தான் செய்தி அனுப்ப முடியும்.

மோர்ஸ் முறையில் புள்ளியும் கோடும் தெரியும் உங்களுக்கு. அதில் எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும். ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமான எழுத்துகளுக்கு நான்கு குறிகள். காதால் கேட்டு எழுதும் மனிதருக்கு இது வசதி. இயந்திரத்துக்கு இது தலைவலி. ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஹியூஸ் இயந்திரம் பியானோ போன்ற கீபோர்டு வைத்து நேராக எழுத்தையே அச்சடித்தது. ஆனால் அதிலும் ஒரு கம்பிக்கு ஒரு ஆள்தான். மனிதக் கை ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்குப் போகும் நேரத்தில் மின்சாரம் எவ்வளவோ வேலை செய்திருக்கும். அந்த நேரம் முழுக்க வயர் சும்மாவே கிடந்தது.

போதோவின் மேலதிகாரிகளுக்கும் இது தெரியும். ஒரே கம்பியில் பல ஹியூஸ் இயந்திரங்களை ஓட்ட வழி தேடு என்று அவரை ஊக்கப்படுத்தினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஆபீஸ் நேரத்தில் கூடாது, சொந்த நேரத்தில் செய்துகொள்ள வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால் 'சைடு புராஜெக்ட்'.

முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல

போதோ கண்ட தீர்வைப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஒன்று, வயல் நான்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் யாருக்கும் ஒழுங்காகத் தண்ணீர் பாயாது. அதனால் முறை வைப்பார்கள். உனக்கு இவ்வளவு நேரம், அடுத்தவருக்கு இவ்வளவு நேரம், பிறகு மறுபடி முதல் வயல்.

போதோ வயருக்கு முறை வைத்தார். ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பு நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவும் ஒரு ஆபரேட்டரின் கீபோர்டோடு இணைந்திருக்கும். தட்டின் மேல் ஒரு பிரஷ் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரஷ் எந்தப் பிரிவைத் தொடுகிறதோ, அந்த நொடித்துணுக்கில் வயர் அந்த ஆபரேட்டருக்குச் சொந்தம். எதிர்முனையிலும் இதேபோல் ஒரு தட்டு, இதே வேகத்தில் சுற்றும். இந்தப் பக்கம் முதல் ஆள் அனுப்பியது அந்தப் பக்கம் முதல் இயந்திரத்துக்கே போய்ச் சேரும்.

இன்று டெலிகாம் துறையில் இதற்கு 'டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங்' என்று பெயர். 2ஜி மொபைல் போன்களில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்டது இதே உத்தியில்தான்.

ஆனால் முறை வைப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரின் பங்கும் சமமாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு புள்ளி அனுப்புகிறார், இன்னொருவர் நான்கு கோடு அனுப்புகிறார் என்றால் சுற்றும் பிரஷ் யாருக்காகக் காத்திருக்கும்? ஆக, எல்லா எழுத்துகளும் ஒரே நீளத்தில் இருந்தாக வேண்டும். இந்தக் கட்டாயத்திலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற குறியீடு பிறந்தது. அழகுக்காகவோ தத்துவத்துக்காகவோ யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வயர் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது.

ஐந்து கீ என்றால் எத்தனை எழுத்து?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுவிட்ச் இருந்தால் இரண்டு நிலை: ஆன், ஆஃப். இரண்டு சுவிட்ச் என்றால் நான்கு. மூன்றுக்கு எட்டு, நான்குக்கு 16, ஐந்துக்கு 32. ஆங்கில எழுத்துகள் 26. நான்கு போதாது, ஐந்து போதும்.

இந்தக் கணக்கு போதோவின் கண்டுபிடிப்பு அல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் பேக்கன் இரண்டே குறிகளை ஐந்து ஐந்தாக அடுக்கி எழுத்துகளை மறைத்து எழுதும் முறையை விளக்கியிருந்தார். 1830களில் ஜெர்மனியில் காஸும் வெபரும் ஐந்து அலகுத் தந்திக் குறியீட்டை யோசித்திருந்தார்கள். போதோ செய்தது வேறு. அந்தக் கணக்கை, தினமும் பல மணி நேரம் சாதாரண ஆபரேட்டர்கள் உட்கார்ந்து ஓட்டக்கூடிய ஓர் இயந்திரமாக மாற்றினார்.

அவருடைய கீபோர்டில் மொத்தமே ஐந்து கீகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. எழுத்துக்கு ஒரு கீ என்பது போய், எழுத்துக்கு ஒரு கூட்டணி என்று ஆனது. கிடாரில் கார்டு பிடிப்பதுபோல, வேண்டிய கீகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும்.

எந்தக் கூட்டணி எந்த எழுத்துக்கு என்பதில்தான் அவருடைய அனுபவம் தெரிகிறது. ஒரு ஆபரேட்டராக இருந்தவருக்கு மனப்பாடம் செய்வதன் கஷ்டம் தெரியும். வலது கையின் மூன்று கீகளை மட்டும் வைத்து ஏழு கூட்டணிகள் அமைக்கலாம். அந்த ஏழையும் உயிரெழுத்துகளுக்குக் கொடுத்துவிட்டார். இடது கை சேர்ந்தால் மெய்யெழுத்து. பழகும் ஆளுக்கு இது எவ்வளவு சுலபம் என்று யோசிச்சுப் பாருங்க.

ஏழு உயிரெழுத்துகளா, ஆங்கிலத்தில் ஒய்யைச் சேர்த்தாலும் ஆறுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஏழாவது, ஃபிரெஞ்சுக்காரர்களின் எழுத்து. தலையில் சாய்கோடு போட்ட 'ஈ'. ஃபிரெஞ்சில் அந்தக் கோடு இருந்தால் ஓர் ஒலி, இல்லாவிட்டால் வேறு ஒலி. அதனால் அதற்குத் தனி இடம். இன்னொரு விஷயமும் இருக்கிறது: எமில் என்ற பெயரை ஃபிரெஞ்சில் எழுதினால் முதல் எழுத்து அதுதான். அட்டவணை போட்டவரின் பெயருக்கு அட்டவணையில் இடம் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்களும் குறிகளும் எங்கே போயின?

எழுத்துகளுக்கே 32 இடங்களில் பெரும்பகுதி போய்விட்டது. பிறகு 0 முதல் 9 வரை எங்கே வைப்பது? கமா, புள்ளி, கேள்விக்குறி?

ஆறாவது கீ சேர்த்தால் 64 இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் வயரில் ஆகும் நேரமும் கூடும். அதனால் ஒரே இடத்தை இருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். ஹியூஸ் இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த உத்திதான். ஒரு குறிப்பிட்ட கூட்டணியை அழுத்தினால், இனி வருவது எல்லாம் எண்கள், குறிகள் என்று எதிர்முனை இயந்திரம் புரிந்துகொள்ளும். இன்னொரு கூட்டணியை அழுத்தினால் மறுபடி எழுத்துகளுக்குத் திரும்பும். உங்கள் போன் கீபோர்டின் மூலையில் '123' என்ற பட்டனைத் தட்டினால் எழுத்துகள் மறைந்து எண்கள் வருகிறதே, அதன் தாத்தா இது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாற்றச் சொல்லும் அந்த ஒரு சிக்னல் வழியில் தொலைந்துபோனால் பின்னால் வரும் வரி முழுக்க எண்ணும் குறியுமாக அச்சாகும். அனுப்பியவர் தப்பு செய்யவில்லை, வாங்கிய இயந்திரமும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பாமினி ஃபான்ட்டில் டைப் செய்த பழைய தமிழ் ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்து முழித்திருக்கிறீர்களா? அதே நோய்தான்.

'டக்' சத்தத்துக்குள் அடுத்த எழுத்து

தொழில்நுட்பக் கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அதை ஓட்டிய மனிதர்கள். போதோ இயந்திரத்தில் ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு டைப் செய்ய முடியாது. கீகளை அழுத்தினால் அவை அப்படியே பூட்டிக்கொள்ளும். பிரஷ் சுற்றி வந்து அந்தக் கூட்டணியை எடுத்துக்கொண்ட பிறகுதான் 'டக்' என்ற சத்தத்தோடு விடுபடும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்த எழுத்தை அழுத்திவிட வேண்டும். தாமதித்தால் ஒரு சுற்று வீண். அவசரப்பட்டாலும் பிரயோஜனமில்லை.

வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 30 வார்த்தை. இடைவெளியையும் சேர்த்து வார்த்தைக்கு ஆறு எழுத்து என்று வைத்தால், நொடிக்கு மூன்று. நொடிக்கு மூன்று முறை, சத்தத்துக்கு ஏற்ப, இரண்டு கையாலும் சரியான கூட்டணி. ஷிஃப்ட் முடியும்வரை. எதிர்முனையில் ஒரு குறுகிய காகித நாடாவில் எழுத்துகளாகவே அச்சாகி வரும். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரே கம்பியில் நிமிடத்துக்கு 120 வார்த்தை. துறைக்கு லாபம், தெளிவு. தாளத்தோடு ஓட வேண்டிய பாரம் ஆபரேட்டரின் விரல்களுக்கு.

மெடலை விற்ற கண்டுபிடிப்பாளர்

1874 ஜூன் 17. போதோ தன் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே துறை அதை ஏற்றுக்கொண்டது. 1877 நவம்பரில் பாரீஸ் - போர்தோ தடத்தில் சோதனை ஓட்டம். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,700 கிலோமீட்டர் நீளமுள்ள பாரீஸ் - ரோம் தடத்திலும் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. 1878 பாரீஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். பிறகு ஃபிரான்ஸின் உயரிய விருதான லெஜியோன் தானர். 1882இல் இன்ஸ்பெக்டர் - இன்ஜினியர் பதவி. ஆரம்பப் பள்ளியோடு நின்ற ஒருவருக்கு இது சின்ன உயரம் இல்லை.

ஆனால் வெளியே தெரிந்த படம் வேறு, வீட்டு நிலவரம் வேறு. ஆராய்ச்சிக்குத் துறையிடமிருந்து கிடைத்த உதவி மிகக் குறைவு. பெரும்பாலும் கைக்காசுதான். 1880இல், உலகக் கண்காட்சியில் வாங்கிய அந்தத் தங்கப் பதக்கத்தையே விற்க வேண்டிய நிலை வந்தது. அவருடைய இயந்திரத்தால் கம்பிச் செலவை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த துறையில், அவர் ஒரு சம்பளக்காரர்.

யார் முதலில்? நீதிமன்றத்தில் தொடங்கி கொலையில் முடிந்த சண்டை

போதோவின் காப்புரிமைக்கு மூன்று மாதம் முன்னால், 1874 மார்ச்சில், இன்னொருவரும் தந்திக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பெயர் லூயி விக்தோர் மிமோ. அதிலும் ஐந்து அலகுகளின் கூட்டணி இருந்தது. தன் யோசனையைத்தான் போதோ எடுத்துக்கொண்டார் என்று 1877இல் மிமோ நீதிமன்றம் போனார்.

தந்தித் துறைக்குத் தொடர்பில்லாத மூன்று நிபுணர்களின் கருத்தைக் கேட்ட முதல் நீதிமன்றம், முன்னுரிமை மிமோவுக்கே என்றது. போதோவுடையது அதன் மேம்பாடு என்றது. இரண்டு பேருமே மேல்முறையீடு செய்தார்கள். ஆனால் வழக்குச் செலவு முழுவதும் மிமோ தலையில் விழுந்தது. முதல் தீர்ப்பு காகிதத்தில் சாதகம், கையில் நஷ்டம்.

மிமோ உடைந்துபோனார். தன் காப்புரிமையை நீட்டிக்க வேண்டும், இழப்பீடு வேண்டும், விருது வேண்டும் என்று கேட்டார். அதைப் பரிசீலித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் துறையின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த ஜூல் ரெய்னோ. குழு மறுத்தது. 1888இல் மிமோ ரெய்னோவைச் சுட்டுக் கொன்றார். கடின உழைப்புத் தண்டனையும் நாடு கடத்தலும் தீர்ப்பாகக் கிடைத்தன.

கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் இந்தச் சண்டை ஒன்றைக் காட்டுகிறது. ஐந்து அலகுகளை அடுக்கும் யோசனை அந்தக் காலகட்டத்தில் பலர் மனதிலும் இருந்தது. யாருடைய பெயர் நிலைக்கிறது என்பதை, யோசனை மட்டும் முடிவு செய்யவில்லை. யாருடைய இயந்திரம் உண்மையான தடத்தில், நாள் முழுக்க, பழுதில்லாமல் ஓடியது என்பதுதான் முடிவு செய்தது. அந்த வகையில் வென்றவர் போதோ.

கடைசி ஆண்டுகள்

போதோவின் உடம்பு ஆரம்பத்திலிருந்தே ஒத்துழைக்கவில்லை. வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே உடல்நலக் குறைவு தொடங்கியது. ஒரு தடவை மாதம் முழுக்க லீவு எடுக்க வேண்டிவந்தது. அந்தத் தொந்தரவு கடைசிவரை விடவில்லை. 1890 ஜனவரியில், 44 வயதில், திருமணம் செய்துகொண்டார். மூன்றே மாதத்தில், ஏப்ரலில், மனைவி இறந்துபோனார்.

இயந்திரம் மட்டும் பரவிக்கொண்டே போனது. 1897இல் லண்டன் - பாரீஸ் தடத்தில் பிரிட்டிஷ் தபால் துறை அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னாளில் இந்தியத் தந்தித் துறையிலும் போதோ இயந்திரங்கள் ஓடின. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவைக்கு மூடுவிழா நடந்தபோது நாம் பகிர்ந்த ஏக்கப் பதிவுகளுக்குப் பின்னால் இருந்த வரலாற்றில் இந்த ஐந்து கீகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

1903 மார்ச் 28. பாரீஸுக்குப் பக்கத்தில் உள்ள ஸோ என்ற ஊரில் போதோ இறந்தார். வயது 57. 1920களில், வயரில் நொடிக்கு எத்தனை சிக்னல் போகிறது என்பதை அளக்கும் அலகுக்கு சர்வதேச அமைப்பு அவர் பெயரைச் சூட்டியது. 1949இல் ஃபிரான்ஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் பெயரின் முதல் எழுத்து என்ன ஆனது?

ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? தலையில் சாய்கோடு போட்ட அந்த 'ஈ'.

அட்டவணை கடலைத் தாண்டிய உடனே மாற்றம் தொடங்கியது. பிரிட்டனுக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை. அங்கே அந்த இடம் வேறொரு குறிக்குப் போனது. 1901இல் நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்டு மர்ரே, டைப்ரைட்டர் மாதிரியான கீபோர்டோடு புதிய முறை கொண்டுவந்தார். அதில் ஆபரேட்டர் சுற்றும் பிரஷ்ஷின் தாளத்துக்கு ஆட வேண்டியதில்லை. முதலில் காகித நாடாவில் துளை போடுவார், நாடா தானாக ஓடும். விரலுக்கு விடுதலை கிடைத்ததும், எந்தக் கூட்டணி பழகச் சுலபம் என்ற கேள்வியே மறைந்தது. இயந்திரம் தேயக் கூடாது என்பது முன்னால் வந்தது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ', 'டி' எழுத்துகளுக்கு ஒரே ஒரு துளை. வரி முடிந்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பு, ஒரு வரி கீழே இறங்கு என்ற இரண்டு கட்டளைகளும் அட்டவணைக்குள் வந்தன. விண்டோஸ் டெக்ஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் இன்றும் 13, 10 என்ற இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் கோடு எழுதுபவர் என்றால், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே இதனால் வரும் சண்டை தெரிந்திருக்கும்.

மர்ரேயின் வழியில் வந்த அட்டவணைதான் சர்வதேசத் தந்தி எழுத்து எண் 2 என்று உலகத் தரமானது. அதன் எழுத்துப் பக்கத்தில் ஆங்கிலத்தின் 26 மட்டும். எமிலின் முதல் எழுத்து அங்கே இல்லை. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்கள் பக்கத்தில் விட்டுவைத்த சில இடங்களை நம்பித்தான் மற்ற மொழிகளின் எழுத்துகள் இருக்க வேண்டியிருந்தது. 1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி வந்தது. ஏழு பிட், 128 இடங்கள். ஐந்து பிட்டோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. அதிலும் அந்த எழுத்துக்குத் தனி இடம் இல்லை. ஒன்றைக் கவனித்தீர்களா? இடம் அதிகமானதால் மட்டும் அது திரும்பி வந்துவிடவில்லை. அட்டவணை போடும் மேஜையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் 70 எழுத்தோடு ஒரு மெசேஜ் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 160 போகும். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். மேலை ஐரோப்பிய எழுத்துகளை வைத்துப் போட்ட அட்டவணையில் ஓர் எழுத்துக்கு ஏழு பிட் போதும். அதில் தமிழ் இல்லை. அதனால் தமிழ் வந்தால் ஓர் எழுத்துக்கு 16 பிட் என்ற வேறு அட்டவணைக்கு மாற வேண்டும். 'போ' மாதிரி ஓர் எழுத்து அதிலும் இரண்டு இடம் பிடிக்கும். மொழி நீளமானதால் வந்த வித்தியாசம் இல்லை இது, அட்டவணையால் வந்தது.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்கான ஐஸ்கி தரத்தை அடியொற்றிய ஏற்பாடு அது. தமிழில் எழுத்துகள் 247 ஆயிற்றே, எப்படிப் போதும்? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஒரு எண், கொம்பு, கால் போன்ற குறிக்கு ஒரு எண், இரண்டையும் சேர்த்தால் உயிர்மெய். இது போதும் என்றார்கள் ஒரு தரப்பினர். 'கொ' என்பது தமிழனுக்கு ஓர் எழுத்து, அதற்கு ஏன் இரண்டு எண் என்று கேட்டார்கள் மறுதரப்பினர். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற முறையும் உருவானது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ் 16 இரண்டையும் தரமாக அறிவித்தது. போன்களிலும் இணையத்திலும் நிலைத்தது யூனிகோடுதான். மிமோவின் கதை மாதிரியேதான் இதுவும்: எந்த அட்டவணை சிறந்தது என்ற வாதம் ஒரு பக்கம் நடக்க, எது உலகம் முழுக்க ஓடுகிறதோ அது தங்கிவிடுகிறது.

அதனால் அடுத்த தடவை உங்கள் ஆபீஸில் ஒரு ஆப், ஒரு ஃபார்ம், ஒரு டேட்டாபேஸ் வடிவமைக்க உட்காரும்போது, பெயர் எழுதும் கட்டத்துக்கு எந்த எழுத்துகளை அனுமதிப்பது என்ற கேள்வி வந்தால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். அப்போது அட்டவணை போடும் மேஜையில் உட்கார்ந்திருப்பது நீங்கள். நீங்கள் விட்டுவிட்ட எழுத்தில் தொடங்கும் பெயர் யாருக்காவது இருக்கும்.

போதோவின் அந்த எழுத்து 1980களில் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென வந்த எட்டு பிட் அட்டவணையில் திரும்பி வந்தது. இடம் எண் 201. யூனிகோடிலும் அதே 201தான். தமிழில் எமில் என்று எழுதினால் 2958, 2990, 3007, 2994, 3021. ஐந்து எண்கள். இரண்டு வடிவமும் இன்று ஒரே அட்டவணையில் இருக்கின்றன.